கண்டியில் ரெண்டு மணி நேர நடை: உடவத்தகெலேயா, பலன கோட்டையா?

மட்டுநகர்_பயணி

வணக்கம். வரும் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கண்டிக்கு வருகிறோம். தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூந்தோட்டம் எல்லாம் வழக்கம்போல இருக்கும். அதோடு காட்டுக்குள் ஒரு சின்ன நடையும் போக ஆசை. கேட்டவர்கள் எல்லோரும் ஹோர்ட்டன் சமவெளியைத்தான் சொல்கிறார்கள். அங்கே சுற்று 9 கிலோமீட்டர், விடிய முன்னமே வெளிக்கிட வேண்டும், குளிர் வேறு. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஒரு முழங்கால் சரியில்லை. மகனுக்குச் சண்டை, கோட்டை, பீரங்கி என்றால் சாப்பாடும் மறந்துபோகும். மகளுக்குப் பறவையும் மிருகமும் வேண்டும். மனைவிக்கு அட்டை இல்லாத இடம் வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில், ரெண்டு மணி நேரத்துக்குள். கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்கிறேன், தெரியும்.

கண்டிக்_குடையன்

அட்டை இல்லாத இடம் என்றால் ஹோட்டல் அறைதான். மற்ற எல்லாவற்றுக்கும் உடவத்தகெலே.

தலதா மாளிகைக்குப் பின்னால் தெரிகிற காடு அதுதான். ஏறக்குறைய 104 ஹெக்டேர். காட்டின் உச்சி 635 மீட்டர் என்று சொன்னாலும் நகரமே 500 மீட்டருக்கு மேல்தானே இருக்கிறது, ஆகவே ஏற்றம் பெரிதில்லை. உள்ளே பழைய ஆங்கிலேயர் காலத்துப் பாதை. குதிரையில் போவதற்காக அகலமாகவும் சரிவு குறைவாகவும் வெட்டியது. அப்பா பொல்லு ஊன்றி ஆறுதலாக நடக்கலாம். கஷ்டம் வாசலுக்குப் போகிற தார் வீதிதான், அது நல்ல செங்குத்து. அதுவரைக்கும் ஓட்டோ பிடியுங்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்பாவை அந்த ஏற்றத்தில் நடக்கவிட்டால் காட்டுக்குள் போக முழங்கால் மிஞ்சாது.

வாசலில் வனத் திணைக்களத்தின் டிக்கட். உள்நாட்டவருக்குக் குறைவு.

கோட்டைப்பித்தன்

மகனுக்குக் கோட்டை வேண்டும் என்று எழுதியிருக்கிறார், நீங்கள் காட்டைக் காட்டுகிறீர்கள். உடவத்தகெலேயில் என்ன கோட்டை இருக்கிறது? ஒரு குளம், கொஞ்சம் குரங்கு.

பலனவுக்குப் போங்கள். கண்டி ராச்சியத்தின் மேற்கு வாசல் அது. கீழே கொழும்புப் பக்கத்துச் சமவெளி முழுக்கத் தெரியும், பத்தலேகல மலை தெரியும், பக்கத்தில் அலகல்ல மலை. கீழிருந்து ஒரு படை புறப்பட்டு வந்தால் கண்டிக்கு முன்கூட்டியே செய்தி போய்விடும். 1594இல் பேதுரு லோபெஸ் த சூசா என்ற போர்த்துக்கேயத் தளபதி இளவரசி குசுமாசன தேவியைக் கண்டிச் சிம்மாசனத்தில் ஏற்ற இந்த வழியாகத்தான் வந்தான். கண்டிக்குள் நுழைந்தும் விட்டான். திரும்பிப் போகத்தான் முடியவில்லை. தந்துரேயில் அவனுடைய படை முழுக்க அழிந்தது. வென்ற கோணப்பு பண்டாரதான் விமலதர்மசூரியனாக முடிசூடி அந்த இளவரசியையே மணந்தான். சில ஆண்டு கழித்து அசவேதோ என்ற இன்னொரு போர்த்துக்கேயத் தளபதி வந்து பலனவைப் பிடித்தான். கூட இருந்த உள்ளூர் லஸ்கரின் படையினர் பக்கம் மாறியதும் அவனும் அடிபட்டுக்கொண்டே பின்வாங்கினான். ஒரே மேட்டில் நின்று இத்தனை கதையும் சொல்லலாம்.

பலன என்றே ரயில் நிலையம் இருக்கிறது. கடுகண்ணாவைக்குக் கீழே. மெதுரயில் மட்டும் நிற்கும்.

மட்டுநகர்_பயணி

கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஏற்றம் எப்படி? அப்பா ஏறுவாரா?

கோட்டைப்பித்தன்

உண்மையைச் சொன்னால், அப்பாவுக்கு வேண்டாம். நல்ல ஏற்றம், மழை பெய்தால் வழுக்கும். மேலே கோட்டை என்று பார்க்கச் சுவர் அதிகம் மிஞ்சவில்லை, அத்திவாரக் கல்லும் படியும்தான். கதை தெரிந்தவனுக்கு அது போதும். பீரங்கியை எதிர்பார்த்து வருகிற பிள்ளை "இதுதானா?" என்று கேட்கும். மகனை மட்டும் தனியாக ஒரு நாள் கூட்டிப்போங்கள்.

ஆனாலும் உடவத்தகெலேயை இராணுவ வரலாறு என்று விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

மாத்தளை_வாத்தியார்

தம்பி கோட்டைப்பித்தன், கல்லால் கட்டினால்தான் கோட்டை என்று யார் சொன்னது? கண்டி ராச்சியம் இருநூறு வருசத்துக்கு மேல் நின்றது கோட்டையால் இல்லை. மூன்று பக்கம் மகாவலி, சுற்றி மலை, மலையில் வெட்டவிடாத காடு, காட்டு வழியில் முட்கதவு போட்ட கடவத்தைகள். உடவத்தகெலே அரண்மனைக்கு நேர் மேலே இருந்த அரச காடு. சாதாரண சனம் உள்ளே போகத் தடை. ராஜாவுக்கு அது பூங்காவும்தான், முதுகுக்குப் பின்னால் இருந்த மதிலும்தான். அங்கே மரம் நின்றதே பாதுகாப்புக் காரணத்தால் என்றால் அது இராணுவ வரலாறு இல்லையா?

மகனுக்குச் சொல்ல 1803ஆம் ஆண்டுக் கதை இருக்கிறது. ஆங்கிலேயர் ரெண்டு படையாக வந்தார்கள். கொழும்பிலிருந்து மக்டொவல், திருகோணமலையிலிருந்து பார்பட். பெப்ரவரியில் நகருக்குள் நுழைந்தால் ஆளே இல்லை. ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சனத்தோடு காட்டுக்குப் போய்விட்டார், அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. வெற்றி என்று எழுதிக்கொண்டு முத்துசாமி என்ற நாயக்கர் வம்சத்து இளவரசனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்கு முன்னால் வந்து குனிய ஒரு பிரதானியும் இல்லை. பெரும்படை திரும்பிப் போனதும் மேஜர் டேவி ஒரு சின்னப் படையோடு மிஞ்சினார். மழை வந்தது, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள்தான் அதிகம். ஜூன் 24ஆம் தேதி கண்டிப்படை சுற்றி வளைத்து அடித்தபோது டேவி சரணடைந்தார்.

ஆயுதத்தோடு திருகோணமலைக்குப் போகலாம் என்று பேச்சு. வட்டாப்புளுவைக்கு வந்தால் மகாவலி கரைபுரண்டு ஓடுகிறது, தெப்பம் இல்லை. ராஜாவின் ஆட்கள் வந்து "முத்துசாமியைத் தா" என்றார்கள். டேவி முதலில் மறுத்தார், பிறகு கொடுத்தார். முத்துசாமியைக் கொன்றார்கள். அடுத்து ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வைத்ததும் வெள்ளைச் சிப்பாய்களை ரெண்டு ரெண்டு பேராகக் கொண்டுபோய் வெட்டினார்கள். டேவி கைதியாக இருந்து கண்டியிலேயே செத்தார்.

பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் கழுத்து வெட்டோடு தப்பினான். தலை நிமிர்ந்து நிற்காது, கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே மாத்தளையில் இருந்த மக்டொவல் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். அந்தச் செய்தியைக் கேட்டதும் அங்கிருந்த கப்டன் மட்ஜ் கோட்டையை விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு நடையைக் கட்டினார். அந்தக் கோட்டை வாயில் இன்னும் எங்கள் ஊரில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சேர், தலையை எப்படிப் பிடித்தான்?" நானும் என் தலையைப் பிடித்து நடந்து காட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்கள் ஊரில் கண்டால் அதைத்தான் செய்து காட்டுகிறார்கள்.

பச்சைக்கிளி_பேராதனை

வாத்தியார் ஐயா எழுதியதை வாசித்துவிட்டு மிருகம் பறவைக்கு வர மனமில்லை. ஆனால் அந்தத் தங்கச்சியும் வருகிறாளே, அவளுக்காக.

யானை இல்லை, பயப்பட வேண்டாம். செங்குரங்குக் கூட்டம் நிச்சயம். காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, சருகுமான், கேளையாடு எல்லாம் உண்டு, ஆனால் பகலில் கேளையாட்டின் குரலைத்தான் கேட்பீர்கள், நாய் குரைப்பதுபோல ஒற்றை ஒற்றையாக வரும். மகளுக்கு நான் சொல்வது, நடுக் குளத்தடியில் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். கபரகொய்யா, அதுதான் அந்தப் பெரிய நீருடும்பு, வெயில் காய வரும். மீன்கொத்தி வரும். மரகதப்புறா பாதையிலேயே இறங்கி நடக்கும், முதுகில் அந்தப் பச்சை மின்னும்போது பார்க்க வேண்டும். மேலே கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழம் தின்னும் குட்டிக் கிளி இலங்கைக்கே உரியது. நெற்றி மஞ்சளான குக்குறுவானும் அப்படித்தான், வேறு நாட்டில் கிடையாது. அது கத்தத் தொடங்கினால் நிறுத்தாது. காலையில் திறந்த உடனேயே போங்கள். பத்து மணிக்குப் பிறகு பறவையும் குறையும், ஆட்களின் சத்தமும் கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகிற எல்லோரும் "என்ன பச்சை, என்ன பச்சை" என்று படம் போடுகிறார்கள். அந்தப் பச்சையில் கனக்க வெளிநாட்டுப் பச்சை. மஹோகனி நட்டார்கள். பெரு பால்சம் என்று தென்னமெரிக்க மரம் ஒன்று, அதன் விதை இறக்கை வைத்துக் காற்றில் போகும். பாதையோரம் குனிந்து பாருங்கள், ஒரே மாதிரியான மெல்லிய கன்றுகள் நெருக்கமாக நிற்கும். அத்தனையும் அதுதான். அதன் நிழலில் நம்முடைய மரத்துக் கன்று தலைதூக்காது. வீட்டில் போத்தலில் வைக்கிற மணி பிளாண்ட் அங்கே கை அகல இலையோடு நிலத்தை மூடி, மரத்திலும் ஏறியிருக்கிறது. அசல் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் புஸ்வெல் கொடியைத் தேடுங்கள். மனுசன் தொடை மொத்தத்தில் முறுக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் போகும். அந்தக் கொடியின் வயதில் இந்த நாட்டின் பாதி வரலாறு அடங்கும் என்று எனக்கு எண்ணம்.

1856இல் ஒதுக்குக் காடு, 1938இல் சரணாலயம். சட்டம் இருக்கிறது. மணி பிளாண்டுக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது.

ஹட்டன்_காரி

அட்டைக்கு யாரும் வழி சொல்லவில்லையே. அக்காவுக்குச் சொல்லுங்கள்: காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறைக்கு மேலே சவர்க்காரத்தை ஈரம் பண்ணித் தேயுங்கள். தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற எங்கள் அம்மாக்கள் செய்வது அதுதான். கடித்தால் இழுத்துப் பிடுங்க வேண்டாம், நகத்தால் ஓரத்தைத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது, அதைப் பார்த்து மயங்கக்கூடாது. மழை பெய்து விட்ட நாளில் அட்டை கூட. ரெண்டு மூன்று நாள் காய்ந்திருந்தால் பாதையின் நடுவில் நடக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அட்டை கடித்துச் செத்தவர் யாருமில்லை. குளவிக்குத்தான் பயப்பட வேண்டும். கூடு கண்டால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள், படம் எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். அது சிரிப்பான விசயம் இல்லை, எங்கள் பக்கத்தில் மலையில் வேலை செய்கிற ஆட்கள் குளவி கொட்டிச் செத்திருக்கிறார்கள்.

கண்டிக்_குடையன்

குரங்குக்கும் ஒரு வார்த்தை. கையில் பொலித்தீன் பை வேண்டாம். பை என்றால் சாப்பாடு என்று அவற்றுக்குப் பாடம். பணிஸ் வாங்கிக்கொண்டு போய் உள்ளே சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். நீங்களாக எடுத்துக் கொடுப்பதும் கூடாது. ஒருவர் கொடுத்த வாழைப்பழத்துக்கு அடுத்து வருகிறவர் கடி வாங்குகிறார். கடித்தால் விசர்நாய்க்கடி ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், விடுமுறை அதோடு சரி.

வாகனத்தில் வருகிறவர்கள் கவனிக்க: 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு மாளிகைக்கு முன்னால் போகிற வீதி வாகனங்களுக்கு மூடியதுதான், இன்னும் திறக்கவில்லை. பழைய ஆட்கள் வழி சொன்னால் அந்த வீதியால் போகச் சொல்வார்கள். வாவியைச் சுற்றித்தான் வர வேண்டும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள்.

கோட்டைப்பித்தன்

சரி, வாத்தியார் சொன்னதற்குப் பிறகு நான் பாதி இறங்கி வருகிறேன். ஆனால் அப்படியென்றால் காட்டோடு நிறுத்தாதீர்கள், காட்டின் அடிவாரத்தில் ஆங்கிலேயரைப் புதைத்த கரிசன் கல்லறைத் தோட்டத்தையும் சேருங்கள். மாளிகைக்குப் பின்னால், தேசிய நூதனசாலைப் பக்கம். 1817இல் தொடங்கியது. ஏறக்குறைய 195 கல்லறை. இருபது, இருபத்தைந்து வயதில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று மகனை எண்ணச் சொல்லுங்கள்.

மக்கிளாஷன் என்ற கப்டனின் கல்லறையைத் தேடுங்கள். ஸ்பெயின் பக்கத்துச் சண்டைகளில் இருந்தவன், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவிலும் இருந்தவன், அத்தனையிலும் தப்பிவிட்டான். பிறகு இலங்கைக்கு வந்து திருகோணமலையிலிருந்து கண்டிக்கு மழையில் நடந்து வந்தான். காய்ச்சல் பிடித்து 1817இல் போய்ச் சேர்ந்தான். நெப்போலியனால் முடியாததை நம்மூர் நுளம்பு முடித்துவிட்டது.

யானை அடித்துச் செத்தவனின் கல்லறையும் இருக்கிறது, ரொபர்ட்சன், 1856. ஜோன் டொய்லி என்ற ஆங்கிலேய அதிகாரியும் அங்கேதான். சிங்களம் படித்து, பிரதானிகளோடு ஓலையில் கடிதம் எழுதி, உள்ளே யார் யாருக்கு ராஜா மேல் கோபம் என்று கணக்கெடுத்து வைத்திருந்தவர். கண்டியைப் பிடிப்பது 1803இல் படையால் முடியாமல் 1815இல் வெடிச்சத்தம் அதிகம் இல்லாமல் முடிந்ததற்கு அந்தக் கடிதங்கள் பெரிய காரணம்.

அக்குறணை_நானா

எல்லாம் சரி தம்பி, வெள்ளைக்காரன் கல்லறையைப் பார்த்து உச்சுக்கொட்டத்தான் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டுமா? அந்தப் படையில் மலாய்ச் சிப்பாய் எத்தனை பேர். டேவியோடு இருந்ததில் பெரும் பங்கு அவர்கள்தான். பிடிபட்ட பிறகு ராஜா பக்கம் சேர்ந்தால் உயிர் தப்பலாம் என்று நிலைமை. கொஞ்சப் பேர் சேர்ந்தார்கள். மறுத்தவர்களில் நூர்தீன் என்ற மலாய்க் கப்டனைக் கொன்றார்கள். அவருக்குக் கரிசன் தோட்டத்தில் கல் இல்லை.

மாத்தளை_வாத்தியார்

நானா சொல்வது நியாயம். பீரங்கி இழுத்த இந்திய லஸ்கர்கள், மூட்டை சுமந்த கூலியாட்கள், 1818இல் ஊவா எழுச்சியை அடக்க மதராசிலிருந்து இறக்கிய சிப்பாய்கள், இவர்களில் தமிழ் பேசியவர்கள் கணிசம். காய்ச்சல் அவர்களையும் விட்டு வைக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று ஒரு கல்லும் சொல்லாது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களுக்கும் நெடுங்காலம் அதே கதிதான். அந்த எழுச்சியை நடத்திய கெப்பெட்டிபொல திசாவையை 1818 நவம்பரில் போகம்பறையில் தலை வெட்டி, மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 1954இல்தான் திரும்பி வந்தது. அந்த நினைவுத்தூண் மாளிகைக்கு முன்னால் இருக்கிறது, காட்டுக்குப் போகும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

ஆனாலும் பிள்ளைகளைக் கரிசன் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதை நான் நிறுத்த மாட்டேன். பெயர் இருக்கிற கல்லைப் பார்த்தால்தான் பெயர் இல்லாதவனைப் பற்றிக் கேட்கத் தோன்றும். நேரம் இருந்தால் தெய்யன்னேவலையில் உள்ள இரண்டாம் உலகப்போர் மயானத்தையும் பாருங்கள். அங்கே ஏறக்குறைய 200 கல். இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர், ஆங்கிலேயர் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள்.

பச்சைக்கிளி_பேராதனை

இரண்டாம் உலகப்போர் என்றதும் ஞாபகம் வந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு 1944இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தாரே, அது இருந்தது எங்கள் பேராதனைப் பூந்தோட்டத்துக்குள். பர்மாச் சண்டைக்கு உத்தரவு போனது பனைமர வரிசைகளுக்கு நடுவிலிருந்து. அவர் தங்கியது உடவத்தகெலேக் காட்டை ஒட்டிய மாளிகையில், இப்போதைய ஜனாதிபதி மாளிகை.

எனக்கு அதைவிடப் பிடித்த கதை காட்டுக்குள்ளேயே இருக்கிறது. உடவத்தகெலேயில் பிக்குகள் தனித்திருக்கிற ஆரணியங்கள் உண்டு. அதில் ஒன்றில் ஞானபோனிக தேரர் 1994இல் இறக்கும்வரை வாழ்ந்தார். ஜெர்மன் நாட்டு யூதர். ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவை விட்டு இலங்கைக்கு வந்து துறவியானார். 1939இல் போர் தொடங்கியதும் ஆங்கிலேயர் அவரைப் பிடித்துத் தியத்தலாவை முகாமில் போட்டார்கள், ஏனென்றால் கடவுச்சீட்டில் ஜெர்மன்காரர்! பிறகு இந்தியாவில் டேராடூன் முகாம். போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். தியத்தலாவை முகாமே 1900இல் தென்னாபிரிக்க போவர் கைதிகளை அடைக்கக் கட்டியதாம் என்று அங்கே பிறந்த சிநேகிதி சொன்னபோது நான் நம்பவில்லை, தேடிப் பார்த்தேன், உண்மைதான்.

ஆரணியப் பக்கம் போகும்போது சத்தம் போடாதீர்கள், பலகை வைத்த இடத்துக்கு அப்பால் போகாதீர்கள்.

மட்டுநகர்_பயணி

நன்றி, எல்லோருக்கும். மகன் பார்ன்ஸ்லி கதையை வாசித்துவிட்டு நேற்றிலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடக்கிறான். வாத்தியார் ஐயாவுக்கு மனைவியின் சார்பில் ஒரு முறைப்பு.

நாங்கள் மகியங்கனை வழியாக வருகிறோம், பதினெட்டு வளைவு ஏறி. வழியில் நிறுத்திப் பார்க்க ஏதாவது?

மாத்தளை_வாத்தியார்

முறைப்பை ஏற்றுக்கொண்டேன்.

வளைவு ஏறி உன்னஸ்கிரியவைத் தாண்டினால் மெதமகாநுவர. ராஜாவுக்கு ஆபத்து வந்தால் ஒளிய இருந்த மலை ஊர் அது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் தேதி பிடிபட்டது அந்தப் பகுதியில்தான். பெப்ரவரி 14இல் ஆங்கிலேயர் கண்டிக்குள் வந்தபோது நகரம் திரும்பவும் காலி. ஆனால் இந்த முறை காடு அவரைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் தேடிப்போனது ஆங்கிலேயர் பக்கம் நின்ற எக்னெலிகொட என்ற பிரதானியின் ஆட்கள், அவர்களுக்குக் காடு தெரியும். மார்ச் 2இல் கண்டியை ஆங்கிலேயருக்குக் கையளிக்கும் ஒப்பந்தம். ராஜாவை வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே காலமானார். முடிசூடும் முன் அவருக்குப் பெயர் கண்ணுசாமி. வண்டியை நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு எதிரே மலையைக் காட்டிச் சொல்லுங்கள், பத்து நிமிசம் போதும்.

மட்டுநகர்_பயணி

போய் வந்தோம். ஆலோசனை சொன்ன எல்லோருக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டுமல்லவா.

மெதமகாநுவரவில் மழை, மலை தெரியவில்லை, தேத்தண்ணி மட்டும் நன்றாக இருந்தது. கண்டியில் அடுத்த நாள் காலை வெளித்திருந்தது. ஓட்டோவில் வாசல் வரைக்கும் போனோம். ஓட்டோக்காரர் கேட்ட காசைப் பற்றித் தனி இழை தொடங்கலாம், இங்கே வேண்டாம். அப்பா உள்ளே நடந்ததைப் பார்த்தால் முழங்கால் நோவு மட்டக்களப்பிலேயே தங்கிவிட்டது போல. மெதுவாகத்தான், ஆனால் எங்கும் உட்காரவில்லை. குளத்தடி வாங்கில் மட்டும் உட்கார்ந்தார், அதுவும் பேத்திக்காக. அவள் வாயை மூடிக்கொண்டு அரை மணி இருந்தது எங்கள் வீட்டு வரலாற்றில் புதியது. கபரகொய்யா வந்தது. வாலை முதலில் கண்டது அவள்தான், கரையில் கிடந்த காய்ந்த கிளை என்று நான் நினைத்ததை "அப்பா அது மூச்சு விடுது" என்றாள். நாக்கை நீட்டி நீட்டித் தண்ணீரோரம் போய், ஒரு அலையும் எழுப்பாமல் இறங்கிவிட்டது. மரகதப்புறாவும் கண்டோம். கேளையாட்டின் குரல் ஒருதரம். தொங்குகிற கிளி இல்லை. குக்குறுவான் நீங்கள் சொன்னபடியே, நிறுத்தவே இல்லை.

பால்சம் கன்றுகளைப் பார்த்த பிறகு மனைவி அந்தப் பாதை முழுக்க "இதுவும் அதா, இதுவும் அதா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் அதுதான். வீட்டுக்கு வந்ததும் போத்தலில் இருந்த மணி பிளாண்டைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

அட்டை: சவர்க்காரம் பூசிய நாங்கள் நாலு பேரும் தப்பினோம். "எங்கள் காலத்தில் இதெல்லாம் பூசியா நடந்தோம்" என்று மறுத்த அப்பாவின் வேட்டிக்குள் ரெண்டு.

குரங்கு: பை கொண்டுபோகவில்லை. எங்களுக்கு முன்னால் போன ஒரு குடும்பத்தின் முறுக்குப் பைக்கற் போய்விட்டது. பிள்ளை அழ அழ, குரங்கு கிளையில் இருந்து ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றது.

கரிசன் தோட்டத்தில் மகன் ஒரு மணி நேரத்துக்கு மேல். மக்கிளாஷனைக் கண்டுபிடித்தான். வயது எண்ணத் தொடங்கி, குழந்தைகளின் கல் வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டான். திரும்பி வரும்போது நானா கேட்டதையே அவனும் கேட்டான், நான் சொல்லிக் கொடுக்கவில்லை: "இந்த ஆட்களின் பீரங்கியை இழுத்தவங்க எங்க?" தெய்யன்னேவலைக்கு நேரம் இல்லை என்று முடிவு செய்திருந்தோம், அந்தக் கேள்விக்குப் பிறகு போனோம். ஆபிரிக்கச் சிப்பாய்களின் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

கோட்டைப்பித்தன்

அடுத்த முறை மகனைப் பலனவுக்கு என்னோடு அனுப்புங்கள். நான் கடுகண்ணாவையில் நிற்பேன்.

மட்டுநகர்_பயணி

அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான் அண்ணா. மழைக்காலம் முடியட்டும்.

அக்குறணை_நானா

ஓட்டோவுக்கு எவ்வளவு கேட்டான் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கண்டிக்_குடையன்

வேண்டாம் நானா, கண்டிக்காரன் மானம் போகும். ஏறும்போதே மீற்றர் போடச் சொல்லுங்கள், போடாவிட்டால் அடுத்த ஓட்டோ. பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் அந்த வீறாப்பு வேலைக்காகாது.

ஹட்டன்_காரி

தாத்தாவின் ரெண்டு அட்டையும் தானாக விழுந்ததா, பிடுங்கினாரா?

மட்டுநகர்_பயணி

பிடுங்கினார். வெற்றிலைச் சாறு பூசினார். இப்போது சொறிகிறார்.